லாஹப் அட்வான்டேஜ்: எல்சாட் லாஜிக்கல் ரீசனிங் பயிற்சிக்கு 120 டாலர் தகுமா?

அமெரிக்காவிலோ கனடாவிலோ சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க எல்சாட் நுழைவுத் தேர்வு எழுதுபவர்கள் எப்படியும் லாஹப் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுவார்கள். தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பின் சொந்தத் தளம் அது. கட்டணமில்லாக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதா, ஆண்டுக்கு 120 டாலர் கட்டி அட்வான்டேஜ் சந்தா எடுப்பதா என்பதுதான் பலருக்கும் வரும் குழப்பம். ஒரு சிறு வாதத்தைப் படித்து அதன் தர்க்கத்தைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லும் லாஜிக்கல் ரீசனிங் பகுதியை மட்டும் வைத்து இங்கே பார்க்கிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கேள்விகளுக்காக இதை வாங்கலாம். பாடம் நடத்தும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

லாஜிக்கல் ரீசனிங்கை மட்டும் தனியே எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்து லாஜிக் கேம்ஸ் என்று எல்லோரும் அழைத்த அனலிட்டிக்கல் ரீசனிங் பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. படம் வரைந்து தீர்க்க வேண்டிய அந்தப் பகுதி பார்வையற்றவர்களுக்கு நியாயமாக இல்லை என்று தொடுத்த வழக்கில் 2019ல் ஏற்பட்ட சமரசத்தின் விளைவு அது. அந்த இடத்துக்கு இரண்டாவது லாஜிக்கல் ரீசனிங் வந்தது. இப்போது தேர்வில் 35 நிமிடப் பகுதிகள் நான்கு. இரண்டு லாஜிக்கல் ரீசனிங்கும் நீளமான பகுதிகளைப் படித்து விடையளிக்கும் ஒரு ரீடிங் காம்ப்ரிஹென்ஷனும் மதிப்பெண்ணுக்குச் சேரும். நான்காவது சேராது, ஆனால் எது அந்த நான்காவது என்று எழுதும்போது தெரியாது. அதுவும் லாஜிக்கல் ரீசனிங்காக வந்தால் ஒரே நாளில் மூன்று லாஜிக்கல் ரீசனிங் எழுத வேண்டியிருக்கும். 120 முதல் 180 வரையிலான மதிப்பெண்ணில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இந்த ஒரே வகைக் கேள்விதான் தீர்மானிக்கிறது. அதனால் 2024க்கு முந்தைய பயிற்சிப் புத்தகத்தை அண்ணனிடமிருந்தோ அக்காவிடமிருந்தோ வாங்கி வைத்திருப்பவர்கள் லாஜிக் கேம்ஸ் அத்தியாயங்களைத் திறக்கவே வேண்டாம். லாஜிக்கல் ரீசனிங் அத்தியாயங்கள் இன்றும் செல்லும், கேள்விகளின் இயல்பு மாறவில்லை.

சந்தாவில் என்ன கிடைக்கிறது? புதிய வடிவத்துக்கு மாற்றியபோது எல்சாக் பழைய தாள்களை 101 முதல் 158 வரை புது எண் கொடுத்து அடுக்கியது. மொத்தம் 58 தாள், தாளுக்கு இரண்டு லாஜிக்கல் ரீசனிங். பகுதிக்குச் சராசரியாக 25 கேள்வி என்று வைத்தால் 2,900 கேள்விகள் வரும். எல்லாமே முன்பு தேர்வுக்கென்று எழுதப்பட்ட கேள்விகள். இவற்றில் ஒரு சில தாள்கள் கட்டணமில்லாக் கணக்கிலேயே இருக்கின்றன. கான் அகாடமியில் இருந்து 2024ல் நிறுத்தப்பட்ட இலவச எல்சாட் பாடங்களும் லாஹப்புக்கு இடம் மாறியிருக்கின்றன. ஆரம்ப நிலையில் இருப்பவர் அந்தப் பாடங்களையும் இலவசத் தாள்களையும் முடிக்காமல் 120 டாலரை எடுத்து வைக்கத் தேவையில்லை.

திரை தேர்வு நாளில் வரும் திரையை ஒத்தது. மஞ்சள் முதலிய நிறங்களில் வரியைத் தீட்டலாம், அடிக்கோடிடலாம், வேண்டாத ஆப்ஷனை மங்கலாக்கலாம், கேள்விக்குக் கொடி போடலாம், எழுத்தின் அளவைக் கூட்டலாம். கடிகாரத்தை மறைத்து வைத்தாலும் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது எச்சரிக்கை வரும். நேரக் கட்டுப்பாட்டோடு தேர்வு போலவே எழுதும் முறை ஒன்று, நிதானமாக எழுதி அவ்வப்போது விடை பார்க்கும் முறை இன்னொன்று. கூடுதல் நேரச் சலுகை பெற்றவர்கள் அதற்கேற்றபடி நேரத்தை நீட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கருவிகளில் இரண்டைப் பற்றி எச்சரிக்கை தேவை. தீட்டும் கருவியைப் பத்தி முழுக்கப் பயன்படுத்துபவர்கள் கடைசியில் மஞ்சள் பத்தி ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிவு வரியை மட்டும் தீட்டுங்கள், வேறெதையும் தொட வேண்டாம். அடுத்து ஆப்ஷனை மங்கலாக்குவது. ஒரு முறை மங்கிய ஆப்ஷனைக் கண் மறுபடி படிப்பதில்லை. ஐந்தும் தவறாகத் தெரிகிற நிலை வந்தால் மிச்சமிருக்கும் இரண்டையே முறைத்துக்கொண்டிருக்காமல் எல்லா மங்கலையும் எடுத்துவிட்டு, பத்தியின் முடிவை மீண்டும் படித்து, முதலிலிருந்து தொடங்குவதே வேகமான வழி. கைபேசியில் பயிற்சி செய்ய வேண்டாம். சிறிய திரையில் பத்தியும் ஆப்ஷன்களும் ஒன்றாகத் தெரியாது, கண் போகும் பாதையே வேறாகப் பழகிவிடும்.

இனி சரக்கின் தரம். அதிகாரப்பூர்வக் கேள்விக்கும் வெளியே கிடைக்கும் கேள்விக்கும் உள்ள வேறுபாடு சரியான விடையில் தெரியாது, தவறான நான்கு ஆப்ஷன்களில்தான் தெரியும். அந்த வார்ப்பில் இங்கே புதிதாக எழுதிய ஒரு கேள்வியைப் பாருங்கள்.

கடந்த ஆண்டு மிக அதிகமாக விபத்து நடந்த 20 சந்திப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒரு நகரப் போக்குவரத்துத் துறை வேகக் கண்காணிப்புக் கேமரா பொருத்தியது. இந்த ஆண்டு அந்த 20 இடங்களிலும் விபத்துகள் கணிசமாகக் குறைந்துள்ளன. ஆகவே விபத்தைக் குறைப்பதில் கேமராக்கள் பயன் தருகின்றன. கீழ்க்கண்டவற்றுள் எது உண்மையானால் இந்த வாதம் மிகவும் பலவீனப்படும்?

ஏ: கேமரா பொருத்தும் செலவு முதலில் மதிப்பிட்டதைவிட அதிகமாகிவிட்டது.
பி: அந்தச் சந்திப்புகளைக் கடக்கும் ஓட்டுநர்களில் சிலருக்கு அங்கே கேமரா இருப்பதே தெரியாது.
சி: கடந்த ஆண்டு இவற்றைவிடச் சற்றே குறைவான விபத்துகள் நடந்த, கேமரா பொருத்தப்படாத சந்திப்புகளிலும் இந்த ஆண்டு அதே விகிதத்தில் விபத்து குறைந்துள்ளது.
டி: கேமரா உள்ள சந்திப்புகளில் இந்த ஆண்டு நடந்த விபத்துகளில் சில அதிவேகத்தால் ஏற்பட்டவை.
இ: கேமரா வந்த பிறகு அந்தச் சந்திப்புகளில் வாகனங்களின் சராசரி வேகம் குறைந்தது.

விடை சி. காரணம் இல்லாத இடத்திலும் விளைவு அதே அளவுக்கு நடந்திருக்கிறது. மிக மோசமான ஆண்டை வைத்து இடங்களைப் பொறுக்கி எடுத்தால் எதுவும் செய்யாமலே அடுத்த ஆண்டு எண்ணிக்கை இறங்க வாய்ப்பு உண்டு என்ற ஓட்டையைத்தான் இந்த ஆப்ஷன் திறந்து காட்டுகிறது. இனி மற்ற நான்கையும் பாருங்கள். ஏ செலவைப் பேசுகிறது, வாதமோ பயனைப் பேசுகிறது. பி-யில் உள்ள ‘சிலர்’ என்ற சொல்லே அதைக் கொல்கிறது. எல்சாட் கணக்கில் ‘சிலர்’ என்றால் ஒருவராகவும் இருக்கலாம், மிச்சமுள்ள ஆயிரம் பேர் கேமராவைப் பார்த்து வேகத்தைக் குறைத்திருக்கலாம். டி-யை எடுப்பவர்கள் ‘குறைந்தது’ என்பதை ‘நின்றது’ என்று படித்தவர்கள். இ வாதத்தைப் பலப்படுத்துகிறது. கேட்டது பலவீனம் என்பதை மறந்து, தலைப்போடு நன்றாகப் பொருந்துகிறதே என்று அதைத் தொடுபவர்கள் ஏராளம். நான்கு தவறும் நான்கு விதமான தவறு என்பதைக் கவனியுங்கள். அதிகாரப்பூர்வத் தாள்களில் இந்தப் பொறிகள்தான் திரும்பத் திரும்ப வேறு வேறு உடையில் வரும். இலவசமாகக் கிடைக்கும் கேள்வித் தொகுப்புகளிலும், இப்போது செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தள்ளும் கேள்விகளிலும் மூன்று ஆப்ஷன் பார்த்தவுடனே விழும்படி இருக்கும், அல்லது இரண்டு ஆப்ஷன் சரியாக இருக்கும். அப்படிப்பட்டதில் பழகிய கை உண்மையான தாளில் தடுமாறும். 120 டாலருக்கான நியாயம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

குறை எங்கே? தாளை முடித்ததும் எது சரி, எது தவறு என்பது தெரியும். மேலே செய்தது போல ஆப்ஷன் வாரியாகப் பிரித்து மேய்ந்த விளக்கம் ஒவ்வொரு கேள்விக்கும் கிடைக்கும் என்று எண்ணி வாங்கக் கூடாது. அந்த விளக்கத்தைத்தான் தனியார் பயிற்சித் தளங்கள் தனிச் சந்தா வைத்து விற்கின்றன. அவற்றிலும் அதிகாரப்பூர்வத் தாள்களை முழுமையாகத் திறக்க லாஹப் அட்வான்டேஜ் சந்தாவும் கையில் இருக்க வேண்டும். ஆகச் செலவு இரண்டு இடத்தில். சொந்தமாக விளக்கம் எழுதும் பழக்கம் உள்ளவருக்கு இரண்டாவது செலவு தேவையே இல்லை. பழக்கம் இல்லாதவர் ஒரு மாதம் மட்டும் தனியார் தளத்தில் சேர்ந்து, விளக்கம் எப்படி எழுதுவது என்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

விளக்கத்தைச் சொந்தமாக எழுதுவது எப்படி? பிளைண்ட் ரிவியூ என்று எல்சாட் வட்டாரத்தில் சொல்லப்படும் முறை இதற்குப் பொருத்தம், ஆனால் லாஹப்பில் அதைச் செய்யச் சிறு ஏற்பாடு வேண்டும். 35 நிமிடப் பகுதியை எழுதும்போதே நூற்றுக்கு நூறு நிச்சயம் இல்லாத ஒவ்வொரு கேள்விக்கும் கொடி போடுங்கள். சமர்ப்பிக்கும் முன் கொடி எண்களையும் நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துகளையும் ஒரு வெள்ளைத் தாளில் குறித்துவிடுங்கள். முடிவுப் பக்கத்தைப் பார்க்காமல் மூடிவிட்டு, அதே பகுதியை நிதான முறையில் திறந்து, கொடி போட்டவற்றை மட்டும் கடிகாரம் இல்லாமல் மறுபடி செய்யுங்கள். கேள்விக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. புது விடையையும் காரணத்தையும் எழுதிய பிறகே மதிப்பெண்ணைப் பாருங்கள். இப்போது இரண்டு மதிப்பெண் இருக்கும். நேரத்துக்குள் எழுதியதில் 17ம் நிதானமாக எழுதியதில் 24ம் வந்தால் பிரச்சினை வேகத்திலும் கேள்வியைத் தாண்டிச் செல்லும் முடிவிலும் இருக்கிறது. 17ம் 18ம் என்றால் கடிகாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, தர்க்கமே இன்னும் பிடிபடவில்லை. இந்த இரண்டு பேருக்கும் பயிற்சி வேறு வேறு. முதலாமவர் முழுப் பகுதிகளாக எழுத வேண்டும். இரண்டாமவர் இன்னும் சில வாரம் கடிகாரத்தையே திறக்கக் கூடாது.

தவறுக் குறிப்பேட்டில் ஐந்து கட்டம் போதும்: தாள் எண்ணும் கேள்வி எண்ணும், கேள்வி வகை, வாதத்தின் முடிவு ஒரே வரியில் சொந்தச் சொற்களில், நான் எடுத்த ஆப்ஷனில் பொய்யான சொல் எது, சரியான ஆப்ஷனை நான் ஏன் ஒதுக்கினேன். கடைசிக் கட்டம்தான் பெரும்பாலோர் எழுதாமல் விடுவது, ஆனால் அதில்தான் மதிப்பெண் ஒளிந்திருக்கிறது. ‘அவசரப்பட்டேன்’, ‘கவனிக்கவில்லை’ என்று எழுதினால் அது குறிப்பே இல்லை. ‘முடிவில் இருந்த பெரும்பாலும் என்பதை எப்போதும் என்று படித்தேன்’ என்று எழுதினால் அடுத்த தாளில் அது கண்ணில் படும். தமிழில் எழுதினாலும் சரி, ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, ‘பெரும்பாலும்’, ‘எப்போதும்’ போன்ற அளவைச் சொற்களை மட்டும் பத்தியில் இருந்தபடியே எழுதிவையுங்கள்.

கேள்வி வகைகளில் நேரத்தைச் சமமாகப் பங்கு போடத் தேவையில்லை. வாதத்தின் குறையைக் கேட்கும் ஃப்ளா, வாதம் சொல்லாமலே நம்பியிருப்பதைக் கேட்கும் அசம்ப்ஷன், பலப்படுத்துவது, பலவீனப்படுத்துவது, பத்தியிலிருந்து என்ன பெறலாம் என்பது, இவைதான் தாளின் பெரும் பகுதி. முக்கியக் கருத்து, ஒரு வரியின் பங்கு, இருவர் எதில் முரண்படுகிறார்கள் என்பன குறைவாக வரும், வழிமுறை பிடித்தால் சீக்கிரம் தேறும். அதே தர்க்க அமைப்புள்ள இன்னொரு வாதத்தைத் தேடச் சொல்லும் பேரலல் வகை நேரத்தைத் தின்னும், ஐந்து ஆப்ஷனும் ஐந்து பத்திகள். அதைக் கொடி போட்டுத் தாண்டிக் கடைசியில் வருவதே லாபம்.

மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் நெசசரி அசம்ப்ஷன், அதாவது வாதம் நிற்க இருந்தே ஆக வேண்டிய நம்பிக்கை எது என்று கேட்கும் வகை. இன்னொரு கேள்வி: பல்கலைக்கழக நூலகம் இப்போது இரவு 8 மணிக்கு மூடப்படுகிறது. நள்ளிரவு வரை திறந்திருந்தால் 8 மணிக்குப் பிறகு வருவோம் என்று பல மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள், சொன்னபடி வரவும் செய்வார்கள். ஆகவே நேரத்தை நீட்டித்தால் நூலகத்துக்கு நாள்தோறும் வரும் மாணவர்களின் எண்ணிக்கை கூடும். இந்த வாதம் எதை நம்பி நிற்கிறது?

பலர் எடுக்கும் விடை: ‘வருவோம் என்றவர்களில் பெரும்பாலோர் வாரத்தின் எல்லா இரவும் வருவார்கள்.’ கேட்க நன்றாக இருக்கிறது. எதிர்மறையாக்கிப் பாருங்கள்: பெரும்பாலோர் எல்லா இரவும் வரமாட்டார்கள். சரி, ஆளாளுக்கு வாரம் மூன்று நாள் வந்தாலும் எண்ணிக்கை கூடலாமே? வாதம் விழவில்லை, ஆகவே இது தேவையான நம்பிக்கை இல்லை. சரியான விடை அடக்கமானது: ‘இரவில் வரும் மாணவர்களில் சிலராவது, நேரம் நீட்டிக்கப்படாவிட்டால் அன்று நூலகத்துக்கே வந்திருக்கமாட்டார்கள்.’ இதை எதிர்மறையாக்கினால், இரவில் வருகிற ஒவ்வொருவரும் எப்படியும் அன்று பகலில் வந்திருப்பவர்தான் என்றாகிறது. எண்ணிக்கை எங்கிருந்து கூடும்? வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. இந்த எதிர்மறைச் சோதனையை எல்லா ஆப்ஷனுக்கும் ஓட்டினால் நேரம் போய்விடும். கடைசியில் மிஞ்சும் இரண்டுக்கு மட்டும் ஓட்டுங்கள். இன்னொன்று: சஃபிஷியன்ட் அசம்ப்ஷன் கேள்விக்கு இதே சோதனையைப் போடாதீர்கள். அங்கே தேவைப்படுவது வாதத்தை முழுதாகப் பூட்டும் வலுவான வாக்கியம், ‘எல்லா’, ‘எதுவும்’ போன்ற சொற்கள் அங்கே நல்ல அறிகுறி. நெசசரியில் அதே சொற்கள் பெரும்பாலும் பொறி. கேள்வி வரியில் ‘எதை நம்பி நிற்கிறது’ என்று இருக்கிறதா, ‘எதைச் சேர்த்தால் முடிவு தர்க்கப்படி பெறப்படும்’ என்று இருக்கிறதா என்பதைப் படிக்கும் அந்த இரண்டு விநாடியில்தான் இந்தக் கேள்விகள் தோற்கின்றன.

ஃப்ளா கேள்விகளில் சிக்கல் வேறு. ஆப்ஷன்கள் எல்லாம் சூக்குமமான மொழியில் இருக்கும்: ஒரு நிகழ்வைத் தொடர்ந்து வந்ததையே அதன் விளைவாகக் கொள்கிறது, ஒரு குழுவுக்குப் பொருந்துவதை அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் பொருத்துகிறது, நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக எடுக்கிறது என்றெல்லாம் வரும். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் இரண்டு கேள்வி போடுங்கள். வாதம் உண்மையிலேயே இதைச் செய்கிறதா? செய்தால் அது குறையா? முதல் கேள்வியிலேயே பெரும்பாலான ஆப்ஷன்கள் உதிர்ந்துவிடும். நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக எடுக்கும் குறை உண்மையில் அடிக்கடி விடையாக வருவதில்லை, ஆனால் தவறான ஆப்ஷனாக அடிக்கடி வரும். ஆதார வரியும் முடிவு வரியும் ஒரே பொருளைச் சொல்கின்றன என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் ஒழிய அதைத் தொட வேண்டாம்.

நிபந்தனை வாக்கியங்களுக்கும் அளவைச் சொற்களுக்கும் தனியாக ஒரு வாரம் ஒதுக்கினால் போதும், லாஹப் தாள் தேவைப்படாத பயிற்சி அது. ‘உரிமம் இருந்தால் மட்டுமே ஓட்டலாம்’ என்பதிலிருந்து உரிமம் உள்ளவர் எல்லாம் ஓட்டலாம் என்று எடுக்க முடியாது, வேறு நிபந்தனையும் இருக்கலாம். ஓட்ட அனுமதி உள்ளவரிடம் உரிமம் இருக்கிறது, உரிமம் இல்லாதவர் ஓட்ட முடியாது, இவை இரண்டும் மட்டுமே நிற்கும். ‘பெரும்பாலோர்’ இன்னும் வழுக்கும். ஒரு வகுப்பில் பெரும்பாலோர் செஸ் ஆடுபவர்கள், அதே வகுப்பில் பெரும்பாலோர் நீந்துபவர்கள் என்றால் செஸ் ஆடி நீந்தவும் செய்பவர் ஒருவராவது உண்டு என்பது உறுதி, இரண்டும் பாதிக்கு மேல் என்பதால் எங்காவது உரசியே ஆக வேண்டும். ஆனால் வகுப்பில் பெரும்பாலோர் செஸ் ஆடுபவர்கள், செஸ் ஆடுபவர்களில் பெரும்பாலோர் நீந்துபவர்கள் என்றால் வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. செஸ் ஆடுபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், நீந்துபவர்கள் எல்லாரும் வகுப்புக்கு வெளியே இருக்கலாம்.

நேரம். 35 நிமிடத்தில் 25 கேள்வி என்றால் கேள்விக்கு 84 விநாடி. இதை எல்லாக் கேள்விக்கும் சமமாகப் போட்டால் தோல்விதான். கேள்விகள் போகப் போகக் கடினமாகும், முதல் பத்து பொதுவாக எளியவை. அந்தப் பத்தை 10 முதல் 12 நிமிடத்துக்குள் முடித்தால் நடுவிலும் அதற்குப் பின்னும் வரும் கடினமான கூட்டத்துக்கு நேரம் இருக்கும். மிகக் கடினமானவை பெரும்பாலும் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் இருந்தாலும், கடைசிக் கேள்வியே மிகக் கடினமானது என்று எந்த விதியும் இல்லை. 24, 25ல் எளிதானது ஒன்று காத்திருக்கும்போது 19ல் நான்கு நிமிடம் சிக்கி நிற்பவர்கள் அதைப் பார்க்காமலே வெளியேறுகிறார்கள். இரண்டு முறை படித்தும் முடிவு எது என்று புரியாத பத்தியை விட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை, ஆகவே ஐந்து நிமிட எச்சரிக்கை வந்ததும் விடை இல்லாத எல்லாக் கேள்விக்கும் ஏதோ ஒன்றைக் குத்தி வைத்துவிட்டு, பிறகு கொடிகளுக்குத் திரும்புங்கள்.

சந்தாவை வீணடிக்கும் மிகப் பெரிய தவறு, தாள்களை எரிப்பது. வாரத்துக்கு நான்கு முழுத் தேர்வு எழுதி மதிப்பெண்ணைப் பட்டியலிட்டுக்கொண்டே போனால் மூன்றரை மாதத்தில் 58 தாளும் தீர்ந்துவிடும், மதிப்பெண் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். எண் கூடக் கூடப் பொதுவாகப் புதிய தாள் என்பதால் 140க்கு மேல் உள்ளவற்றைப் பூட்டி வையுங்கள். 101லிருந்து தொடங்கும் பழையவற்றைத் தனித்தனிப் பகுதிகளாகப் பயிற்சிக்கு எடுங்கள். ஒரு பகுதி எழுத 35 நிமிடம் என்றால் ஆராய ஒன்றரை மணி நேரம் ஆகட்டும். முழுத் தேர்வு வாரம் ஒன்று, கடைசி ஆறு வாரத்தில் வேண்டுமானால் இரண்டு. அப்போது நான்கு பகுதியும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 10 நிமிட இடைவேளையும் தேர்வில் இருப்பது போலவே இருக்கட்டும். தவறிய கேள்விகளை இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுங்கள். அடுத்த நாளே எடுத்தால் விடை நினைவில் இருக்கும், தர்க்கம் இருக்காது.

இந்தியாவில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களும் லாஹப் கணக்கு வாங்கலாமா என்று கேட்பதுண்டு. இளநிலை கிளாட்டில் 120 கேள்விக்கு 120 நிமிடம், நான்கு ஆப்ஷன், தவறுக்கு 0.25 கழிவு, லாஜிக்கல் ரீசனிங் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நீளமான பத்தி ஒன்றைக் கொடுத்து அதன்மீது பல கேள்விகள் கேட்பார்கள். பலப்படுத்துவது, பலவீனப்படுத்துவது, அசம்ப்ஷன் ஆகியவற்றுக்கு எல்சாட் கேள்வி நல்ல சாணைக்கல். அதற்கு இலவசக் கணக்கில் உள்ள தாள்களே தாராளம், சந்தா வேண்டாம். ஊகித்து விடை போடும் எல்சாட் பழக்கத்தை மட்டும் அங்கே கொண்டுபோகக் கூடாது, 0.25 கழிவு அதை மன்னிக்காது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எல்சாக்கின் கட்டணச் சலுகைக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். சலுகை கிடைத்தால் அட்வான்டேஜ் ஓராண்டுக்கு அதிலேயே அடங்கிவிடும். முன்னதாகக் கட்டிய பணம் திரும்பாது, ஆகவே விண்ணப்பம் முதலில். சலுகை இல்லாதவர்கள் தேர்வு நாளிலிருந்து ஆறேழு மாதம் பின்னோக்கி எண்ணி, இலவசப் பாடங்களும் தாள்களும் முடிந்த பிறகு சந்தாவைத் தொடங்குவது நல்லது. ஓராண்டு என்பது பணம் கட்டிய நாளிலிருந்து ஓடும். முதல் தேர்வில் எதிர்பார்த்தது வராமல் இரண்டாவது முறை எழுத நேர்ந்தால் அதற்கும் அந்தச் சந்தா உயிரோடு இருக்கும்.